செத்த செல்போன் பிழைக்குமா?

நேற்று ராத்திரி வரை நன்றாகப் பேசிய செல்போன். காலையில் எடுத்துப் பார்த்தால் திரையில் கம்பெனியின் பெயர் மட்டும் தெரிகிறது. ஒரு நிமிஷம் நிற்கிறது. அணைகிறது. மறுபடியும் பெயர் தெரிகிறது. மறுபடியும் அணைகிறது. மத்தியானம் வரை இதே கதைதான்.

மயிலாப்பூர் லஸ் முனையிலோ, தியாகராய நகர் உஸ்மான் ரோட்டிலோ, அடையாறு காந்தி நகரிலோ உள்ள செல்போன் கடைக்குப் போனால், ஒருவர் "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிக்குங்க" என்பார். அடுத்த கடைக்காரர், "லோகோவில நிக்குதா? சாப்ட்வேர் போட்டா சரியாயிடும்மா" என்பார்.

யார் சொல்வது சரி? "சாப்ட்வேர் போடுவது" என்றால் என்ன? அதை நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே, காசு இல்லாமல், நாமே செய்ய முடியுமா? செய்தால் உள்ளே இருக்கும் பேத்தியின் பிறந்த நாள் படங்கள் என்ன ஆகும்?

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இன்று காய்கறிக்காரருக்குக் கொடுக்கும் இருபது ரூபாய்கூட போன் வழியாகப் போகிறது. பாங்குக் கணக்கு அதில் இருக்கிறது. காஸ் சிலிண்டர் வந்தால் சொல்ல வேண்டிய எண் அதில் வருகிறது. போன் செத்தால் பாதி வீடு நின்றுவிடுகிறது. ஆகவே அதைப் பிழைக்க வைக்கும் உரிமை யாருக்கு என்பது ராஜ்ய விவகாரமாகவே ஆகிவிட்டது. டில்லியிலும், ஐரோப்பாவிலும், அமெரிக்காவிலும் சர்க்கார்கள் இதில் தலையிட்டிருக்கின்றன.

மூன்று காவல்காரர்கள்

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம்.

போனுக்குள் மூன்று காவல்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதும் முதல் காவல்காரர் விழிக்கிறார். இவர் சில்லுக்குள்ளேயே பிறந்தவர். தொழிற்சாலையில் எழுதிய எழுத்து. அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. இவருக்குத் தெரிந்தது ஒரே வேலை. இரண்டாவது காவல்காரரை எழுப்பி, அவர் கையில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது.

இரண்டாவது காவல்காரர் எழுந்து, அதே போல் மூன்றாவதை எழுப்புகிறார். மூன்றாவதுதான் நாம் பார்க்கும் ஆண்ட்ராய்டு, அல்லது ஆப்பிள் போனின் ஐ.ஓ.எஸ். அது எழுந்தால்தான் படமும் பாட்டும்.

போனை இயக்குவதற்காகக் கம்பெனி உள்ளே எழுதிவைத்த இந்தக் கட்டளைகளுக்கு "பர்ம்வேர்" என்று பெயர். போன் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளும்போது நடுவில் பாட்டரி தீர்ந்து போகலாம். கம்பெனி அனுப்பிய புதுப்பிப்பிலேயே தவறு இருக்கலாம். நினைவுச் சில்லு பழசாகி, சில எழுத்துக்கள் கெட்டுப் போகலாம். அப்போது மூன்றாமவர் எழ மாட்டார். அவரை எழுப்பிப் பார்த்துத் தோற்ற இரண்டாமவர், முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். போன் அணைந்து அணைந்து எரிவதன் ரகசியம் இதுதான்.

இங்கேதான் நல்ல செய்தி. முதல் காவல்காரர் சாகாத வரையில் போன் சாகவில்லை. யு.எஸ்.பி. வயரால் கம்ப்யூட்டருடன் இணைத்தால் அவரோ, இரண்டாமவரோ கம்ப்யூட்டருடன் பேசுவார். கம்பெனியின் புதிய பர்ம்வேரை வாங்கிக் கெட்ட இடத்தில் எழுதுவார். கடைக்காரர்கள் "பிளாஷ் பண்ணுவது" என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் எல்லா நோய்க்கும் இது மருந்தல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் குடித்த போனுக்குச் சாப்ட்வேர் போட்டுப் பயனில்லை. மாடியிலிருந்து விழுந்து சில்லு பெயர்ந்த போனுக்கும் பயனில்லை. விழவில்லை, நனையவில்லை, ஆனாலும் பெயரைக் காட்டிவிட்டு நிற்கிறது என்றால்தான் நம்பிக்கை.

மருந்து இலவசம்

பல பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பல கம்பெனிகள் இந்த ரிப்பேர் சாப்ட்வேரை இலவசமாகவே கொடுக்கின்றன.

ஆப்பிள் போன் என்றால், மாக் கம்ப்யூட்டரில் அது கூடவே வருகிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆப்பிள் கம்பெனியின் சாப்ட்வேரை இறக்கிக் கொள்ள வேண்டும். மோட்டோரோலா கம்பெனி "சாப்ட்வேர் பிக்ஸ்" என்ற பெயரில் ஒன்றைத் தருகிறது. கூகிள் கம்பெனி தன் பிக்ஸல் போனுக்கு, கம்ப்யூட்டரின் பிரவுசர் வழியாகவே இந்த வேலை நடக்கும்படி செய்திருக்கிறது.

அவசரப்பட்டு இதில் இறங்க வேண்டாம். முதலில் வேறு வயர், வேறு சார்ஜர் போட்டு ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பிறகு பவர் பட்டனையும், சப்தத்தைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அரை நிமிஷம் வரை அழுத்திப் பிடியுங்கள். பல போன்கள் இதிலேயே எழுந்துவிடும். சில போனுக்குப் பட்டன் வரிசை வேறு. கம்பெனியின் உதவிப் பக்கத்தில் மாடல் பெயருடன் போட்டிருக்கும்.

எழவில்லையா? இனி கம்ப்யூட்டர். போன் பெட்டியில் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணை ஒரு எழுத்து விடாமல் குறித்துக் கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் எண் மாறினால், உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம். தவறான பர்ம்வேர் போட்டால் பிழைக்க இருந்த போன் நிஜமாகவே செத்துவிடும். சாப்ட்வேரைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். "எல்லாப் போனையும் ஒரே நிமிஷத்தில் திறக்கும்" என்று விளம்பரம் செய்யும் திருட்டுச் சாப்ட்வேரைத் தொடாதீர்கள். அதில் போன் ரிப்பேர் ஆகிறதோ இல்லையோ, கம்ப்யூட்டருக்குள் வைரஸ் வந்து உட்கார்ந்து கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் பாங்கு பாஸ்வேர்ட் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயர் இதற்கு உதவாது. போனுடன் வந்த வயரே நல்லது. இன்னொரு முக்கியமான சங்கதி, கரண்ட். எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தால் பாதி எழுத்தில் போன் நின்றுவிடும். ஆகவே பாட்டரி நிறைந்த லாப்டாப்பில் செய்யுங்கள். பச்சைக் கோடு ஓடும்போது வயரை ஆட்டாதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்!

ஆப்பிள் போன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பட்டன்கள் தோன்றும். ஒன்று "அப்டேட்". இன்னொன்று "ரீஸ்டோர்". பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். குணம் வேறு. "அப்டேட்" என்றால் உங்கள் படங்களை அழிக்காமல் பர்ம்வேரை மட்டும் மறுபடி போட முயற்சி செய்யும். "ரீஸ்டோர்" என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போடும். எப்போதும் முதலில் "அப்டேட்" அழுத்துங்கள். பர்ம்வேர் இறங்க 15 நிமிஷத்துக்கு மேல் ஆனால் போன் அந்த நிலையை விட்டு வெளியே வந்துவிடும். பயப்பட வேண்டாம். இறங்கி முடிந்த பிறகு போனை மறுபடியும் அந்த நிலைக்குக் கொண்டுபோய், மறுபடியும் "அப்டேட்" அழுத்தினால் போதும்.

அழிந்த படம் திரும்புமா?

ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இந்தச் சிகிச்சை முடியும்போது உள்ளே இருந்தவை அழிந்துவிடும். "சாப்ட்வேர் போட்ட பிறகும் பழைய படங்களை எடுத்துத் தருகிறேன், தனியாக ஆயிரம் ரூபாய் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போதைய போன்கள் படத்தை அப்படியே வைப்பதில்லை. பூட்டுப் போட்டு, குழப்பி எழுதிவைக்கின்றன. துடைக்கும்போது அந்தப் பூட்டின் சாவி அழிகிறது. சாவி போன பிறகு கடைக்காரர் மட்டுமல்ல, போனைச் செய்த கம்பெனியாலும் படிக்க முடியாது.

போன் நன்றாக இருக்கும்போதே படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைப்பது ஒன்றுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். கல்யாண ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டும் நாம், பத்து வருஷப் படங்களை ஒரே போனில் விட்டுவைக்கிறோம்.

பாட்டியும் பாஸ்வேர்டும்

இன்னொரு சங்கடம் இருக்கிறது. ரிப்பேர் கடைகளில் அதிகமாகச் சண்டை வருவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மயிலாப்பூரில் ஒரு பாட்டி என்று வைத்துக் கொள்ளுங்கள். பேரன் அமெரிக்காவில். இரண்டு வருஷத்துக்கு முன் வந்தபோது பாட்டிக்குப் போன் வாங்கிக் கொடுத்தான். அவனே கூகிள் கணக்கும் ஆரம்பித்துக் கொடுத்தான். பாஸ்வேர்ட் என்ன? பாட்டிக்குத் தெரியாது. பேரனும் மறந்துவிட்டான்.

இப்போது போன் நின்றது. சாப்ட்வேர் போட்டாயிற்று. போன் எழுந்துவிட்டது. ஆனால் முதல் திரையிலேயே, "இந்தப் போனில் முன்பு இருந்த கணக்கின் பாஸ்வேர்டைப் போடு" என்று கேட்கிறது!

"ஏம்பா, நல்லாப் பண்ணித் தரேன்னு சொன்னியே, இப்ப உள்ளேயே விடமாட்டேங்குதே?"

"பாட்டி, போன் நல்லா ஆயிடுச்சு. இது பூட்டு. உங்க பேரன்கிட்ட கேளுங்க."

இந்தப் பூட்டு 2015-ல் இருந்து ஆண்ட்ராய்டு போன்களில் வந்துவிட்டது. ஆப்பிள் போனிலும் இதே மாதிரிப் பூட்டு உண்டு. பாட்டிக்குத் தொந்தரவு கொடுக்க வந்ததல்ல. திருடனுக்காக வந்தது. பஸ்ஸில் போனைப் பறித்தவன் அதைத் துடைத்துப் புதுப் போனாக விற்கக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. திருடனும் பாட்டியும் பூட்டுக்கு முன்னால் நிற்கும்போது, பூட்டுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். போன் வாங்கிய பில்லையும் பத்திரமாக வையுங்கள். கடைசியில் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் "இது என் போன்தான்" என்று நிரூபிக்க அந்தக் காகிதம்தான் உதவும்.

15 எண்கள், 3 வருஷம்

மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் இருக்கிறது ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோ உதிரிப் பாகங்களுக்குப் பெயர் போன தெரு. இன்று கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் பெயர் போன தெரு. கம்பெனி கைவிட்ட சாமான்களுக்கு உயிர் கொடுக்கும் கைகள் அங்கே இருக்கின்றன. கையில் ஒரு ஊசிமுனைச் சூடுகோல், மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். இவ்வளவுதான் மூலதனம்.

அந்தக் கைகளிடம் போனைக் கொடுக்கும்போது நாம் ஒன்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 எண்கள் தோன்றும். இது ஐ.எம்.இ.ஐ. எண். மோட்டாருக்கு இன்ஜின் நம்பர் போல. போனைக் கொடுக்கும் முன்பும், வாங்கிய பின்பும் இந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏனென்றால் பர்ம்வேர் எழுதும் சாப்ட்வேர் சில, தவறான கைகளில், இந்த எண்ணையும் மாற்றி எழுதிவிடும். திருட்டுப் போன்களை மறைக்க இப்படிச் செய்கிறார்கள். 2023-ம் வருஷத்திய தொலைத்தொடர்புச் சட்டப்படி இது பெரிய குற்றம். 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய போன் வாங்குகிறவர்கள் மத்திய சர்க்காரின் "சஞ்சார் சாதி" தளத்தில் இந்த எண்ணைப் போட்டு, அது கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம். காணாமற் போன போனை முடக்கவும் அங்கேயே வழி இருக்கிறது.

பூட்டு யார் கையில்?

இதுவரை சொன்னது வீட்டு விஷயம். இனி நாட்டு விஷயம்.

சில கம்பெனிகள் மருந்தைக் கொடுக்கின்றன. ஊசி போடும் உரிமையை மட்டும் கையில் வைத்துக் கொள்கின்றன. நம் ஊரில் ஏராளமாக விற்ற ஷியோமி போன்களை எடுத்துக் கொள்ளுங்கள். பர்ம்வேர் கிடைக்கிறது. ஆனால் போன் அடியோடு விழுந்துவிட்டால், அதைப் போனுக்குள் எழுதக் கம்பெனி அங்கீகாரம் கொடுத்த கணக்கு வேண்டும். தெருக் கடைக்காரரிடம் அது இல்லை. அவர் என்ன செய்வார்? திருட்டுச் சாப்ட்வேரைத் தேடிப் போகிறார். நேர்வழியை மூடிவிட்டு, குறுக்குவழியில் போகாதே என்றால் நடக்குமா?

அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டு இல்லாவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம். கேள்வி அதுவல்ல. சாவி கம்பெனியிடம் மட்டும் இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

இதே கேள்வி நம் நாட்டில் கார்களைப் பற்றி ஏற்கெனவே வந்தது. இப்போதைய கார்களுக்கும் கம்ப்யூட்டரால்தான் நோய் பார்க்க வேண்டும். அந்தச் சாதனத்தையும், உதிரிப் பாகத்தையும் கம்பெனிகள் வெளிக் கடைகளுக்குக் கொடுக்கவில்லை என்று புகார் வந்தது. இந்தியப் போட்டிக் கமிஷன் விசாரித்தது. 2014 ஆகஸ்ட் 25-ந் தேதி 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது! வெளி மெக்கானிக்குகளுக்கும் அவை கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. மூன்று கம்பெனிகள் அப்பீல் செய்தன. 2016 டிசம்பரில் அபராதம் குறைக்கப்பட்டது. ஆனால் அவை செய்தது தவறுதான் என்பதை அப்பீல் டிரிப்யூனலும் ஒப்புக் கொண்டது. ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு மெக்கானிக்குக்கு ஒரு நியாயம், ரிச்சி தெருக் கடைக்காரருக்கு வேறு நியாயமா?

டில்லி என்ன செய்தது?

2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா "ரிப்பேர் உரிமை" பற்றி யோசிக்க ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாமான்கள், மோட்டார் வண்டிகள் என்று நான்கு வகைகளை எடுத்துக் கொண்டது. அதே வருஷம் டிசம்பர் 24-ந் தேதி இதற்கென்று ஒரு தளமும் திறக்கப்பட்டது. எந்தக் கம்பெனியின் சர்வீஸ் எங்கே, உதிரிப் பாகம் எப்படி என்ற விவரங்களைக் கம்பெனிகள் அதில் போடுகின்றன. நல்லதுதான். ஆனால் விவரம் போடுவது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு.

ஐரோப்பாவில் சட்டமே வந்துவிட்டது. 2025 ஜூன் 20-ந் தேதி முதல் அங்கே விற்கும் புதுச் செல்போன் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 வருஷத்துக்கு உதிரிப் பாகம் கொடுக்க வேண்டும். 5 வருஷத்துக்குச் சாப்ட்வேர் புதுப்பிப்பு கொடுக்க வேண்டும். பாகம் மாற்றுவதற்குத் தேவையான சாப்ட்வேரும், பர்ம்வேரும் வெளி ரிப்பேர்க்காரர்களுக்குக் கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் ஆரிகன் ராஜ்யம் 2024-ல் இன்னொரு படி போனது. புதுத் திரையோ பாட்டரியோ மாற்றினால், கம்பெனி சாப்ட்வேர் "சரி" என்று சொன்னால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்ற தந்திரத்துக்குத் தடை போட்டது.

நம் சென்னைக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆப்பிள் போன்கள் செய்யப்பட்டுக் கப்பல் ஏறுகின்றன. நம் ஊர்ப் பெண்கள் கை பட்ட போன் ஆரிகனில் ஒரு சட்டத்தின் பாதுகாப்பில் ரிப்பேர் ஆகிறது. அதே மாதிரிப் போன் அடையாற்றில் ரிப்பேருக்கு வந்தால்?

கம்பெனி கடையைச் சாத்தினால்?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நோக்கியா நினைவுக்கு வருகிறது. 2006-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ந் தேதி மூடப்பட்டது. ஆயிரக் கணக்கான பேருக்கு வேலை போனது. கம்பெனிகள் வரும், போகும். போன் மட்டும் நம் கையில் இருக்கும்.

எல்.ஜி. கம்பெனி 2021-ல் செல்போன் தொழிலை விட்டது. அதன் போன்களைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் புதுப்பிக்க "எல்.ஜி. பிரிட்ஜ்" என்ற சாப்ட்வேர் இருந்தது. 2025 ஜூன் 30-ந் தேதியுடன் அந்தப் புதுப்பிப்புச் சேவையைக் கம்பெனி நிறுத்திக் கொண்டது. பாகங்கள் நன்றாக இருந்தாலும் கம்பெனியின் மருந்துக் கடை மூடிக் கிடக்கிறது. என்னைக் கேட்டால், சட்டம் போடுகிறவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும். தொழிலை விடும் கம்பெனி, கடைசிப் பர்ம்வேரையும், அதைப் போடும் சாப்ட்வேரையும் பொதுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

2025 மே மாதத்தில் நுகர்வோர் இலாகாவின் இன்னொரு கமிட்டி ஓர் அறிக்கை கொடுத்தது. பிரிட்ஜ் மேல் கரண்டுச் செலவுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள் அல்லவா? அது போல், செல்போனை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்பதற்கு மார்க்குப் போட வேண்டும் என்று அது யோசனை சொன்னது. கழற்றுவது சுலபமா, பாகம் கிடைக்குமா, கருவி கிடைக்குமா, சாப்ட்வேர் புதுப்பிப்பு எத்தனை நாள் வரும் என்றெல்லாம் பார்த்து மார்க்கு. அந்த மார்க்குப் பட்டியலில் "செத்த போனை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பிழைக்க வைக்கக் கம்பெனி வழி கொடுத்திருக்கிறதா?" என்ற கேள்வியையும் சேர்க்கலாம்.

அறிக்கை சட்டம் ஆகாது. ஆனால் கடைக்காரரிடம் நாமே கேட்கலாம். உஸ்மான் ரோட்டில் அடுத்த போன் வாங்கும்போது விலையையும் காமிராவையும் கேட்ட பிறகு, "இது நின்னு போனா, சாப்ட்வேர் போட கம்பெனி என்ன வெச்சிருக்கு? எத்தனை வருஷத்துக்கு?" என்று கேளுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் போன் தானாக நின்றுபோய், சர்வீஸ் சென்டரில் கைவிரித்தால், பில்லை வைத்துக் கொண்டு 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம்.